இதழினி வேண்டாம் என்ற காய்கள்

வேலஞ்சத்திரம் சந்தையில் பூசணிக்காய் எடையிழந்தது ஆனி மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால் மணிக்கு. நாச்சிமுத்து மண்டியில் இருபத்திரண்டு வருஷமாக எடை போடும் தண்டபாணி, பார்த்த மாத்திரத்தில் பதினாறு கிலோ என்று கண்ணாலேயே மதித்த ஒரு காயைத் தராசில் வைத்தபோது முள் அசையவில்லை. அவர் தராசைத் தட்டினார், காயை எடுத்துவிட்டுப் பத்துக் கிலோ கல்லை வைத்தார், கல் பத்துக் கிலோவே காட்டியது, மறுபடி காயை வைத்தார், முள் மறுபடி பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. அதற்குள் பக்கத்து மண்டியிலும் எதிர் மண்டியிலும் அதே பேச்சு கிளம்பி, லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் தோளில் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்க்க, அன்று வந்திருந்த நான்கு லோடு பூசணியும் நிறம் மாறாமல், தழும்பு மாறாமல், ஒட்டியிருந்த செம்மண் மாறாமல், எடை மட்டும் இல்லாமல் கிடந்தது.

அதே எட்டேகால் மணிக்கு, சந்தைக்குப் பின்னால் கிணற்றுச் சந்தில் இருந்த தண்டபாணியின் வீட்டில், அவருடைய மனைவி கோமளவல்லி, பூசணிக்காய்க் கூட்டுப் பிசைந்த சோற்று உருண்டையை ஐந்து வயது மகள் இதழினியின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு வாய் கண்ணு."

"வேண்டாம்."

"அரை வாய்?"

"வேண்டாம்."

"செரி, நாக்குல வெச்சுட்டுத் துப்பிரு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வேண்டாம்மா," என்றாள் குழந்தை மூன்றாவது முறையாக, அழாமல், கோபமில்லாமல், கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவரின் நிதானத்தோடு.

கோமளவல்லி விடவில்லை. அவளைக் குறை சொல்வதற்கில்லை. வேலஞ்சத்திரத்தில் வேண்டாம் என்பது பேரத்தின் முதல் சொல். அதற்கு வேறு பொருள் இருப்பதாக அந்த ஊரில் யாரும் நினைத்ததில்லை. சந்தையில் வேண்டாம் என்றால் விலையைக் குறை என்று பொருள். விருந்துக்குப் போன வீட்டில் காப்பி வேண்டாம் என்றால் பெரிய டம்ளராகக் கொண்டுவா என்று பொருள். பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று எழுந்து போனால் மூன்றாம் நாள் திரும்பி வருவார்கள் என்று பலகாரத்தை எடுத்து வைப்பார்கள். படுக்கையில் கிடந்த ஒரு மண்டிக்காரர், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டபோது, அவருடைய மகன்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு எந்த ஆஸ்பத்திரி என்று பேசினார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து அப்படிப்பட்ட ஊரிலேயே வாக்கப்பட்ட ஒருத்தி, மகள் வேண்டாம் என்றதைக் கேட்டு உருண்டையைச் சிறிதாக்கினாளே தவிர கையை எடுக்கவில்லை. தண்டபாணியோ ஊட்ட உட்கார்ந்தால் மூட்டை எண்ணுகிற ராகத்திலேயே வாயையும் எண்ணுவார். முதல் வாய்க்கு ஒன்று என்று சொல்லாமல் வழக்கப்படி லாபம் என்பார், பிறகு ரெண்டு, மூணு. மூணுக்கு மேல் அவர் எண்ணி யாரும் கேட்டதில்லை.

புதன்கிழமை கத்திரிக்காய் போயிற்று. வெள்ளிக்கிழமை வெண்டை, அடுத்த திங்களில் புடலையும் அவரையும், அதற்கடுத்த வாரம் முட்டைக்கோஸ், முருங்கை, சுரை. குழந்தை அதற்கு முன்பும் ஆயிரம் முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், அப்போதெல்லாம் ஒரு கறிவேப்பிலைகூட அசைந்ததில்லை. இப்போது ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதைவிட அவசரமான வேலைகள் இருந்தன.

எடையில்லாத காயை எடை போட்டு விற்க முடியாது என்பதால் எண்ணி விற்றார்கள், எண்ண முடியாததை முழம் போட்டு விற்றார்கள், முழத்துக்கும் அடங்காத கீரையை ஒரு பிடி, ஒரு கட்டிப்பிடி என்று விற்றார்கள். சுமைக்காரர்கள் முதல் வாரம் கொண்டாடினார்கள். ஒரே ஆள் அறுபது பூசணியைக் கயிற்றில் கோத்துக்கொண்டு, பீடி பிடித்தபடி, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி நடந்தான். இரண்டாம் வாரம் தூக்குவதற்குக் கூலி எதற்கு என்று மண்டிக்காரர்கள் கேட்க, தூக்குவதற்கு வேண்டாம், பறக்காமல் பிடித்து வைப்பதற்குக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள், அது நியாயமாகவே பட்டது. சில்லறை விற்கும் பெண்கள் கூடைக்கு மேல் வலை கட்டினார்கள். மிளகாய் தனித்தனியாக நூலில் ஆடியது. எடைத் தராசுகளைச் சோதிக்கிற அதிகாரி மாவட்டத் தலைநகரிலிருந்து வந்து, எல்லாத் தராசும் சரியாக இருக்கிறது என்று முத்திரை வைத்துவிட்டு, அண்ணாந்து பார்க்காமல் போனார். கிழங்கு மண்டிக்காரர் மட்டும் விநாயகருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார், ஏனென்றால் இதழினி உருளைக்கிழங்கு சாப்பிடுவாள்.

ஆனால் எடையில்லாத காய் வயிற்றில் நிற்கவில்லை. சாம்பாரும் பொரியலுமாக ஒரு கட்டுக் கட்டிவிட்டு எழுந்தவனுக்கு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மறுபடி பசித்தது. ஓட்டல்காரர்கள் பத்து நாள் சந்தோஷப்பட்டு, பிறகு தங்களுக்கும் பசிப்பதைக் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சுருண்டு படுத்தார்கள், மாடுகள் தழையைத் தின்றபடியே கத்தின, கேரளத்து லாரிகள் வருவதை நிறுத்தின.

காரணத்தைக் கண்டுபிடித்தது அங்கன்வாடி டீச்சர் ஜெசிந்தா. மதியச் சாப்பாட்டில் எந்தக் குழந்தை எதை மிச்சம் வைக்கிறது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர் எழுதி வந்தார். எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை, எழுதியதை யாரும் படித்ததுமில்லை. எடையிழந்த ஒவ்வொரு காயும் அதில் இதழினியின் பெயருக்கு நேராக இருந்தது. அந்த நோட்டோடு அவர் நாச்சிமுத்து மண்டிக்கு வந்தார். மண்டிக்காரர் சங்கத் தலைவரான நாச்சிமுத்து, பறக்கிற சுரைக்காய் ஒன்றை முழங்காலால் அமுக்கிக்கொண்டு நோட்டைப் புரட்டினார்.

"ஏனுங்க டீச்சர், நம்ம எடைக்காரன் புள்ள வாய மூடுனா எங்க மண்டிய மூடோணுமா?"

"காய் விஷயம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேனுங்க. நான் சொல்ல வந்தது வேற. போன மாசம் அந்தப் புள்ள பதிமூணு கிலோ. இப்பப் பன்னெண்டு முந்நூறு. எடை அட்டையில செவப்புக் கோட்டுக்குக் கீழ போயிருச்சுங்க."

"அப்ப அது ஒரு வாய் முழுங்குனா எடை திரும்பிரும்?"

"புள்ளையோட எடையா?"

"பூசணியோடது."

ஜெசிந்தா நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முதல் கிணற்றுச் சந்தில் கூட்டம் குறையவில்லை. ஊரே சமைத்தது. பாகற்காயை வெல்லத்தில் வேகவைத்து ஒருத்தி கொண்டுவந்தாள், முருங்கைக்கீரையை முறுக்கில் பிழிந்து ஒருத்தி, கேரட்டை மீன் மாதிரி செதுக்கி ஒருத்தி. போலீஸ் வருது என்று சொல்லச் சொன்னார்கள். போலீஸ்காரர் ஒருவர் உண்மையிலேயே வந்து, கையில் ஒரு கொத்தவரங்காயோடு வாசலில் நின்று, வெட்கப்பட்டுத் திரும்பிப் போனார். பட்டினி போட்டால் தானாகத் தின்பாள் என்றார்கள். கோமளவல்லி ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்த்தாள், குழந்தை இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, கேட்காமலேயே போய்ப் பாயில் படுத்துக்கொண்டாள். படுத்திருந்த மகளின் விலா எலும்புகளைச் சேலைத் தலைப்பால் மூடிவிட்டு, கோமளவல்லி அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறைத்து வைத்துக் கொடுப்பதில்தான் மோசம் நடந்தது. தோசை மாவில் பீட்ரூட்டைக் கலந்தாள், குழந்தை ஒரு விள்ளல் தின்றுவிட்டுத் தோசையை விட்டாள். இட்லியில் கேரட்டைத் துருவிப் போட்டாள், இட்லி போயிற்று. உருளைக்கிழங்கோடு சௌசௌவை மசித்தாள், அன்று உருளைக்கிழங்கும் போயிற்று, கிழங்கு மண்டிக்காரர் வாசலில் வந்து நின்று ஒப்பாரி வைத்தார். ஒவ்வொரு தந்திரத்துக்கும் மகள் சாப்பிடுகிற பண்டங்களில் ஒன்று குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வெறும் தயிர்ச் சோறு மட்டும் மிஞ்சியபோது, அதையும் விரலால் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் இதழினி வாயில் வைத்தாள். தாய் பிசைந்த சோற்றை மகள் சந்தேகத்தோடு பிரித்துப் பார்ப்பதைக் கோமளவல்லி எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். ஜெசிந்தா வீட்டுக்கே தூக்குத் தராசைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். பதினொன்று இருநூறு.

"கோமளா, கொஞ்ச நாள் யாரையும் உள்ள விடாத," என்றார் ஜெசிந்தா.

"ஊரே பசியில கெடக்குது டீச்சர். நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கதவச் சாத்தறது?"

ஆடி முதல் வெள்ளியன்று சங்கம் கூடி முடிவு செய்தது: குழந்தையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, முறைப்படி, ஊர் அறிய, பேசி முடித்துவிடுவது. வேலஞ்சத்திரத்தில் பெரிய பேரம் எதையும் வாயால் பேசுவதில்லை. இருவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும், விரலைப் பிடித்தே விலை படியும், வெளியில் இருப்பவருக்கு முகம் மட்டும்தான் தெரியும். அப்படிப் படியாத பேரம் அந்தச் சந்தையில் இருந்ததில்லை. தண்டபாணி ஒப்புக்கொண்டார். கோமளவல்லியும் ஒப்புக்கொண்டாள், ஏனென்றால் ஒப்புக்கொள்ளாமல் இருக்க அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

காலை பத்து மணிக்கு, பெரிய எடைமேடையின் மேல் பலகை போட்டு, இதழினியைப் பட்டுப்பாவாடையில் உட்கார வைத்தார்கள். கூரையே இல்லாத அந்த வெளியில் ஆயிரம் பேர் நின்றார்கள், ஆளுக்கொரு காயை நூலிலோ முந்தானையிலோ கட்டிக்கொண்டு. எதிரில் நாற்பது ஏனங்களில் நாற்பது கறிகள் தட்டுப் போட்டு மூடப்பட்டு, தட்டின் மேல் கல் வைத்திருந்தது. நாச்சிமுத்து தோள் துண்டை எடுத்து உதறிக் குழந்தையின் கையையும் தன் கையையும் மூடினார்.

உள்ளே அவர் ஐந்து வாய் என்று ஐந்து விரலைக் கொடுத்தார். குழந்தை கையை மூடிக்கொண்டாள். மூன்று கொடுத்தார். மூடியே இருந்தது. ஒரு விரலைக் கொடுத்து, அந்த விரலையும் பாதியாக மடக்கினார். ஐம்பது வருஷத்தில் அவர் அவ்வளவு இறங்கியதில்லை.

"படியுதா மாமா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"கெட்டிக்காரி. இவங்கப்பன் எடை போடறதுக்குப் பதிலா இவள ஏலத்துல உட்கார வெச்சிருக்கோணும்," என்றார் நாச்சிமுத்து, வியர்வையைத் துடைக்காமல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மிணி, இந்தத் தாத்தனுக்காக. ஒரு பருக்கை."

அதைக் கேட்டதும் கூட்டம் பொறுக்கவில்லை. எனக்காக ஒரு வெண்டை, எனக்காக ஒரு அவரை, எம்புள்ள பசிக்குது தாயி, எங்க மாடு செத்துப்போச்சு சாமி, என்று ஆயிரம் பேரும் நெருங்க, ஆயிரம் கைகள் நீள, தண்டபாணி தன்னையறியாமல் லாபம், லாபம் என்று முனக, குழந்தை எழுந்து நின்று, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, தனித்தனியாகச் சொல்லாமல் மொத்தமாகச் சொன்னாள்.

"வேண்டாம்."

ஆடிக்காற்று அந்த ஊருக்குக் கணவாய் வழியாக வரும், வருவதற்கு முன் சொல்லாது. அன்று அது சந்தைக்குள் நுழைந்தபோது எதிலும் எடை இல்லை, வெங்காயத்தில் இல்லை, இஞ்சியில் இல்லை, நாற்பது ஏனத்துக் கறிகளில் இல்லை. மண்டிகளின் வலை அறுந்து, கூடைகள் கவிழ்ந்து, அந்த வருஷத்தின் விளைச்சல் முழுவதும் மெதுவாக, அவசரமே இல்லாமல், பச்சையும் ஊதாவும் சிவப்புமாக மேலே கிளம்பியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கோமளவல்லி மட்டும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் மகளின் இரண்டு பாதங்களும் பலகையை விட்டு ஒரு சாண் உயர்ந்ததை அவள் ஒருத்தி கண்டாள். ஏனங்களை மிதித்து, நாச்சிமுத்துவைத் தள்ளி, ஓடிப்போய் ஒரு கணுக்காலைப் பிடித்தாள். இழுத்து மார்போடு அணைத்தபோது கையில் பாவாடைச் சரிகையின் கனம்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து தாழ் போட்டாள். முந்தானையின் ஒரு முனையை மகளின் இடுப்பில் கட்டினாள்.

"நான் பறந்தனாம்மா?"

"கொஞ்சம்."

"எனக்கு வேண்டாம்மா."

"என்ன வேண்டாம்?"

"எதுவும்."

அரை வாய் என்ற சொல் கோமளவல்லியின் நாக்கு நுனிவரை வந்தது. பிறந்ததிலிருந்து பழகிய சொல், தானாக வரும். ஆனால் கணுக்காலைப் பிடித்த கையில் இன்னும் அந்தச் சரிகையின் கனம் மட்டுமே இருந்தது.

"செரி," என்றாள்.

இதழினி காத்திருந்தாள். அந்த ஊரில் செரிக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது வரும். செரி, அப்பப் பாதி. செரி, நாளைக்கு. எதுவும் வராததால் அவளே கேட்டாள்.

"செரின்னா?"

"செரின்னா செரி. வேண்டாம்."

கோமளவல்லிக்குப் பசித்தது. முந்தின நாள் காலையில் மகள் ஒதுக்கிய தயிர்ச் சோற்றைப் பாத்திரம் கழுவுமிடத்தில் நின்றபடி வழித்துப் போட்டுக்கொண்டதுதான், அவள் எப்போதும் சாப்பிடுகிற முறையும் அதுதான். வீட்டில் இருந்தது விட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பீர்க்கங்காய். ஒட்டடைக் குச்சியால் அதைக் கீழே தள்ளிப் பிடித்து, தோல் சீவி நறுக்கி, துண்டுகள் எழும்பாமல் தட்டைப் போட்டு மூடி, மூடியின் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்து, பாசிப்பருப்போடு வேகவிட்டாள். அரைக் கரண்டி எண்ணெயில் கடுகும் இரண்டு வரமிளகாயும் தாளித்தாள். ஒரு தட்டுதான் எடுத்தாள். கீழே உட்கார்ந்து, காலை நீட்டி, சோற்றோடு பிசைந்து, வாய் நிறையச் சாப்பிட ஆரம்பித்தாள். மகளைப் பார்க்கவில்லை. அது உபாயமில்லை, பசியில் மறந்துபோனாள்.

முந்தானையின் மறுமுனை கொஞ்சம் இழுபட்டது.

"நல்லாருக்கா?"

"இல்ல. உப்புப் பத்தல. தின்ன மாதிரியே இல்ல."

ஒரு காயைப் பற்றி அந்த ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, அதுவும் எதிரில் ஆள் இருக்கும்போது. குழந்தை நகர்ந்து கிட்டே வந்தாள்.

"அப்புறம் ஏன் திங்கற?"

"பசிக்குது."

இதழினி அதை யோசித்தாள். பிறகு தாயின் தட்டில் கையை விட்டு, சோற்றைப் பிரித்து, ஒரு துண்டு பீர்க்கங்காயை எடுத்துத் தன் வாயில் வைத்தாள். கோமளவல்லி பார்த்துவிட்டாள். என் தங்கம் என்பது தொண்டைக்கு வந்தது, இன்னொண்ணு என்பது வந்தது, பாத்தியா இவ்வளவுதான் என்பது வந்தது; அத்தனையையும் வாயிலிருந்த சோற்றோடு சேர்த்து மென்று விழுங்கினாள். குழந்தை முகத்தைச் சுளித்து, நெடுநேரம் மென்று, ஒருவழியாக உள்ளே தள்ளினாள்.

"வழவழன்னு இருக்கு," என்று புகார் சொன்னாள்.

"ஆமா," என்றாள் கோமளவல்லி.

இன்னொரு துண்டு எடுத்தாள்.

தட்டைத் தாங்கியிருந்த கை சட்டென்று தாழ்ந்தது. பக்கத்து வீட்டுத் தகரத்தின் மேல் ஏதோ விழுந்தது, அடுத்து எதிர்வீட்டு ஓட்டில், அடுத்து கிணற்றுக்குள், பிறகு எண்ண முடியாமல், ஊர் முழுக்க வானத்திலிருந்து பீர்க்கங்காய் விழுந்தது. பீர்க்கங்காய் மட்டும். மற்றதெல்லாம் மேலேயே நின்றது. ஊர் அதைப் புரிந்துகொள்ளக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை; சந்து நிறையக் காலடிச் சத்தமும், கதவில் தட்டுகிற கைகளுமாக வந்து நின்றது.

"கோமளா," என்று தண்டபாணியின் குரல் கேட்டது. "எட்டிப் பிடிச்சு ஒரு கத்திரிக்கா கொண்டாந்திருக்கேன். ஒரே ஒரு துண்டு."

தாழ் அசையவில்லை.

"பாதி?"

அவர் மேற்கொண்டு இறங்கப் போனதுபோல் இருந்தது, இறங்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து அவர் உட்காருகிற சத்தம் கேட்டது.

"நாளைக்குன்னா நாளைக்கு. வார்த்தை மட்டும் சொல்லு அம்மிணி," என்றார் அவருக்குப் பின்னாலிருந்து நாச்சிமுத்து. அதற்கும் பின்னால் ஊர் பசியோடு நின்றது, அதில் பொய் ஒன்றும் இல்லை. மேலே முப்பது வகைக் காய்கள் இருந்தன, நாளை காலை அவற்றில் ஒன்றாவது இறங்குமா என்று கோமளவல்லிக்குத் தெரியாது. மகள் இன்று தின்றது மூன்று துண்டு, நாலாவதைத் துப்பிவிட்டாள்.

இதழினி அவள் மடியிலேயே தூங்கிப் போயிருந்தாள், வாயோரத்தில் ஒரு பருப்போடு. நீட்டியிருந்த இடது கால் மெல்ல மரத்துக்கொண்டு வந்தது. முதலில் பாதம், பிறகு கெண்டைக்கால், பிறகு முழங்காலுக்கு மேல். வெளியில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கோமளவல்லி காலை மாற்றிக்கொள்ளாமல், மகளின் அந்தக் கனம் எதுவரை ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.